ஜெயவேலு அண்ணனும் நம்பர் பெட்டியும்

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்தான் ஜெயவேலு அண்ணனின் லேத் பட்டறை. அவர் குடும்பத்து நிலத்தில்தான் அந்தக் காலனியில் பாதி எழும்பியிருக்கிறது. வருகிற வாடகையை வாங்கிக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டிய மனுஷன். ஆனால் இரும்பு கடைகிற சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வேலை சுத்தம், வாய்தான் நீளம். என் வாயும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் சரிசமமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

நான் புஷ்பம். பெரும்பாக்கம் குடியிருப்பில் கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெரிய கிரைண்டர் கடகடவென்று அலறிவிட்டு நின்றது. உரலைச் சுற்ற வைக்கிற சாஃப்ட் முறிந்து போயிருந்தது. அண்டா நிறைய அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் பாத்திரத்தோடு வருகிறவர்களிடம் மாவு இல்லையென்று சொன்னால் கடைக்குப் போய் கவர் மாவு வாங்குவார்கள். ஒருநாள் வாங்கினால் பழகிவிடும், அப்புறம் நம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். முறிந்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

“இதெல்லாம் ஒரு வேலையாம்மா? பூஜைக்கப்புறம் மொத வேலையே உன்னுதுதான். டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள தரேன், குந்து” என்றார் அண்ணன்.

குந்தினேன். பட்டறை முழுக்கப் பூஜைப் பொட்டு. டிரில்லிங் மிஷின், ஃபேன், கரண்டு மீட்டர், தண்ணி கேன், எதையும் விட்டு வைக்கவில்லை. வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் கூடாது, அதுவாக உதிர வேண்டும். அதில் அவர் ரொம்பக் கறார்.

லேத்துக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வெட்டுகிற டூல் நகர நகர, இரும்பு எவ்வளவு குறைந்தது என்று சிவப்பு நம்பரில் காட்டும். டிஆர்ஓ என்பார்கள். முன்பெல்லாம் கைச்சக்கரத்துக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கடைவாராம். பெட்டி வந்த பிறகு அந்தக் கோடெல்லாம் கிரீஸில் மூழ்கிவிட்டது. கட்டின பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி அக்கா சொன்னால்கூட நம்பமாட்டார், பெட்டி சொன்னால் நம்புவார்.

புது சாஃப்டுக்கு முப்பத்தைந்து மில்லி இரும்புக் கம்பியை முப்பதாகக் கடைய வேண்டும். பெட்டியில் ஐந்து வந்ததும் நிறுத்தி, பழைய சாஃப்டிலிருந்து கழற்றிய பேரிங்கை எடுத்து மாட்டினார். லொடலொடவென்று ஆடியது. அளந்து பார்த்தால் இருபத்தைந்து.

“இன்னாணா இது, இப்டி எளச்சிப் போச்சி?” என்றேன்.

“கரண்டு ஏறி எறங்குது. பொட்டி இன்னா பண்ணும், பாவம்?”

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். எர்த் சரியில்லை என்று பின்னால் இருக்கும் எர்த் குழியில் உப்பைக் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பெட்டிக்குப் போகும் ஒயரைக் குழந்தை கையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தார். டூல் நகர்வதை அளந்து பெட்டிக்குச் சொல்லும் ஸ்கேலைப் பிரஷ் போட்டுத் துடைத்தார். கடைசியில், பக்கத்தில் கிரில் கேட் அடிக்கும் ஏசுபாதத்தின் வெல்டிங்தான் நம்பரைக் கலைக்கிறது என்று அங்கே போய்ச் சண்டைக்கு நின்றார்.

“என் வெல்டிங்கு இத்தினி வருஷமா உன் பொட்டியக் கடிக்கல, இன்னிக்கித்தான் கடிக்குதா?” என்று ஏசுபாதம் கத்தினார். இருந்தாலும் நல்ல மனுஷன், மிஷினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

அண்ணன் இரண்டாவது கம்பியை மாட்டினார். பெட்டியில் ஐந்து. அளந்தால் அதே இருபத்தைந்து.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பட்டறையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கம்பி. ஞாயிற்றுக்கிழமை, இரும்புக் கடை எதுவும் திறந்திருக்காது. அண்ணனோ திருஷ்டி கழிக்கக் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

“இந்தக் கம்பி மேல கைய வெச்ச, நான் மனுஷியா இருக்க மாட்டேன். பொட்டி வித்தவனுக்குப் போனப் போடு மொதல்ல!”

பெட்டியைப் பொருத்திய பையன் ஜெர்சன் பொத்தேரியில் இருக்கிறான். வீடியோ காலில் வந்தான்.

“சார், ஒரே மஞ்சளா தெரியுது. கேமரா மேல ஏதோ ஒட்டிட்டு இருக்கு சார்.”

“பூஜப் பொட்டுப்பா.”

“தொடச்சிடுங்க சார்.”

“வெச்ச பொட்டத் தொடைக்கறதா? நல்லா இருக்குதே கத!”

தலையில் அடித்துக்கொண்டு என் போனை நீட்டினேன்.

“அஞ்சு எடுத்தா எவ்ளோ போகுது சார்?” என்று கேட்டான் ஜெர்சன்.

“பத்து.”

“ரெண்டு தடவையும்?”

“ரெண்டு தடவையும்.”

பையன் சிரித்துவிட்டான். “பெட்டி நல்லாதான் சார் இருக்கு. பாதி அளவு காட்டற கீ ஒண்ணு இருக்கு, அதை யாரோ அமுக்கிட்டாங்க. டூல் நகர்றத மட்டும் காட்டுது. உருண்டைக் கம்பியாச்சே, சுத்துறப்ப ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு குறையும்ல?”

“எவன் என் பொட்டிய அமுக்கனது?” என்று அண்ணன் கர்ஜித்தார். ஏசுபாதத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், கொழுப்பைப் பாருங்கள்!

“சார், கீபோர்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்றான் ஜெர்சன். காட்டினேன். கீ ஒன்றுவிடாமல் சந்தனம், அதன்மேல் குங்குமம். “பூஜை பண்றப்ப பெட்டி ஆன்ல இருந்துச்சா சார்?”

“பின்ன? நம்பர் எரிஞ்சாத்தானப்பா ஒரு களையே வரும்!”

“பொட்டு வைக்கறப்ப… அழுத்தி வெச்சீங்களா?”

அண்ணன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். இத்தனை வருஷம் இரும்பை இறுக்கிப் பழுத்த விரல். அது மெதுவாக எதையும் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. ஏசுபாதம் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது.

“பொட்டைத் தொடைச்சிட்டு அந்தக் கீயை இன்னொரு வாட்டி அமுக்குங்க சார். மேல் வரிசையில கடைசி கீ.”

“தொடைக்க மாட்டேன்” என்றார் அண்ணன்.

நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு போனேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“அண்ணே, வூட்ல அண்டா நெறைய அரிசி கீது. சாயங்காலம் ஜனங்க வந்து ஏனத்தோட நிக்கும். எனக்கு வேற பொழப்பு இல்லணா. சாமிகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன், நவுரு.” திட்டத்தான் வாயைத் திறந்தேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

அண்ணன் கையைத் தொங்கப் போட்டார். பெட்டியைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்துக் குழைத்தார். மேல் வரிசை, கடைசி கீ. பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார், நன்றாக அழுத்தி.

பெட்டி ‘கீங்’ என்றது. ஐந்து என்று எரிந்த நம்பர் பத்து ஆனது.

“ஆங், அவ்ளோதான் சார்” என்றான் ஜெர்சன்.

கடைசிக் கம்பியைக் கடையும்போது ஏசுபாதம்கூட வாசலில் வந்து நின்றார். அளந்தால் முப்பது. பேரிங்கை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற வேலையையும் முடித்துக்கொண்டு, “நானே வந்து மாட்டித் தரேம்மா” என்று வண்டியை எடுத்தார். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. மனுஷன் வெட்கப்படுகிறார், இனிமேலாவது அடங்கி இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாஃப்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். உரல் சுற்றியது. அரிசியை அள்ளிப் போட்டேன். வாசலில் அதற்குள் நாலைந்து பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். உரல் அரைக்கிற சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பாத்தியாம்மா? என்னென்னமோ வைத்தியம் பாத்தோம். கடசீல பொட்டு வெச்சதுந்தான் சரியாச்சி.”

பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. உரல் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆமாண்ணே” என்றேன்.