மாட்யூல் இல்லாமல் ஓடிய வரி

ஒரே ஒரு கடற்கரையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். அதில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதாம். கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிற தொழிலில் பாதி நேரம் அடுத்தவர் எழுதியதை எடுத்து ஒட்டுவது, மீதி நேரம் அதைச் சந்தேகப்படுவது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வேலை சிறுசேரியில். சனிக்கிழமைகளில் திருவிடந்தைப் பக்கம் ஒரு குப்பத்து மீனவர் சங்கத்துக்குப் போய் உதவுவேன். காற்று எச்சரிக்கை வந்தால் படகுக்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். பட்டியலில் எந்த போன் நம்பர் சரி, எது தப்பு என்று பிரிக்க ஒரு ஸ்கிரிப்ட் கேட்டார்கள்.

யார் எழுதியது?

போன் நம்பரை அடையாளம் காணும் ரெஜெக்ஸ், அதாவது நம்பரின் வடிவத்தைக் குறியீடுகளால் சொல்லும் வரி, யாரோ எழுதிவைத்த ஒரு மாட்யூலில், அதாவது நிரல் தொகுப்பில், தயாராக இருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் அது ஏறாது. அதனால் என் லேப்டாப்பில் மாட்யூலை ஓட்டி, உள்ளே இருக்கும் ரெஜெக்ஸை மட்டும் திரையில் பிரிண்ட் செய்து, அந்த வரியை ஸ்கிரிப்டில் ஒட்டினேன். ஆபீசில் டீம் லீட் ரேவதி அக்காவிடம் காட்டினேன். அடைப்புக்குறியும் சாய்கோடுமாக நீண்ட வரியை மேலும் கீழும் பார்த்தவர், எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேட்டார். சொன்னேன். "நீயே எழுதியிருந்தா எங்க தப்பு இருக்கும்னு எனக்குத் தெரியும். இதுல எங்க தேடுறது?"

எங்கே கீது?

சங்கச் செயலாளர் கோதண்டம் அண்ணனுக்கு வேறு சந்தேகம். எல்லோர் நம்பரையும் அந்த வரிக்குள் மடித்து வைத்து நான் எடுத்துப் போகிறேனோ என்று. அது யாருடைய நம்பரும் இல்லை, நம்பர் எப்படி இருக்கும் என்கிற அச்சு மட்டும்தான் என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். "அதெல்லாம் சரி தம்பி. இதுல என் நம்பர் எங்க கீது, அத்த மட்டும் காட்டு."

கோதண்டத்தின் வேலை

காற்று எச்சரிக்கை வந்த அன்று எல்லாப் படகும் கரையில் நின்றன, ஏழுமலை அண்ணனுடையதைத் தவிர. அவருக்கு மெசேஜ் போகவில்லை. மச்சானோடு கடலுக்குப் போனவர் வலையை விட்டுவிட்டு உயிரோடு திரும்பியதே பெரிது. சங்கத் தேர்தலில் கோதண்டத்தை எதிர்த்து நின்றவர் அவர். கோதண்டம் வேண்டுமென்றே தன் பெயரை வெட்டிவிட்டான் என்று சங்க வாசலுக்கே வந்து நின்றார்.

பட்டியலைத் திறந்தேன். அவர் நம்பரில் ஓர் இலக்கம் கூடுதலாக ஏறியிருந்தது. தப்பு நம்பரை ஸ்கிரிப்ட் ஒதுக்கியிருந்தால் கோதண்டம் கேட்டுத் திருத்தியிருப்பார். ஒதுக்கவில்லை. நம்பர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்கும் வேலையை மாட்யூல் தனியாகச் செய்துவந்தது. நான் நடுவில் இருந்த வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பதினொரு இலக்கத்துக்குள் பத்து சரியாக இருந்ததும் அந்த வரி முழு நம்பரையும் சரி என்றுவிட்டது.

தப்பு என்னுடையது, கோதண்டம் அண்ணனுடையது இல்லை என்று இருவர் முன்னாலும் சொன்னேன். ஏழுமலை என்னையே பார்த்தார். "அவன் சொல்லச் சொன்னான், நீ சொல்ற. ஒரு வரி எழுத்துக்கு என் படகு மேல இன்னா தம்பி கோவம்?"

நம்பரின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கும்படி வரியின் இரண்டு முனைகளையும் அன்றே கட்டிவிட்டேன், ஆனால் தப்பைச் செய்தவனே ஒப்புக்கொண்டும் நம்பாமல் மணலில் இறங்கி நடந்து போனாரே, அவரைத் திருப்பிக் கூப்பிட எந்த மாட்யூலிலும் ஒரு வரி இல்லை.