காய்ச்சல் என்று சொன்னவன்

1931இல் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது, கோலாலம்பூர் தந்தி அறையில் நான்கு பேர் பார்த்த வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருவன் பாலன், எதையும் சிரித்தே தள்ளிவிடுவான். மற்றவன் தம்புசாமி, வயது இருபத்திரண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவனும் வேலை போய் ஊருக்குக் கப்பலேறிவிட்டான். அதன் பிறகு தம்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை. தந்திக் கருவி தட்டத் தொடங்கினாலே நெஞ்சு படபடத்தது.

"மனசே சரியில்லே, பாலா," என்று ஒருநாள் லேசாகச் சொல்லிப் பார்த்தான்.

"அப்ப தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்துடவா? போறதுக்கு மட்டும் போதும்லா!"

பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்த ஊர் அது. தம்புசாமியும் சேர்ந்து சிரித்து வைத்தான். அப்புறம் வாயே திறக்கவில்லை.

யாரும் கேள்வி கேட்காத வியாதி ஒன்றுதான் இருந்தது: மலேரியாக் காய்ச்சல். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் இராமலிங்கத்திடம் போய், "காய்ச்சலுங்க" என்றான். கொய்னா மாத்திரை கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. வாராவாரம் போனான். அந்தக் கசப்பை விழுங்கினால் மனசும் தெளியும் என்று, பாவம், அவனே நம்பத் தொடங்கிவிட்டான்.

கொய்னா காதைப் பிடித்தது. ஓயாத இரைச்சல். காதை நம்பிப் பிழைக்கிறவன் அவன். கிள்ளானிலிருந்து வந்த தந்தியில் பதினேழு பெட்டி என்பதை ஏழு என்று எழுதிவிட்டான். தலைமை எழுத்தரான பெரிய கிராணி தாளை மேசையில் அறைந்தார்.

"இன்னொரு தப்பு, உன் பேரும் ஆட்குறைப்பு லிஸ்டுல ஏறிடும்!"

மத்தியானமே டிரெஸ்ஸரிடம் ஓடினான்.

"மறுபடியும் காய்ச்சலா, தம்பி?"

"காய்ச்சல் இல்லீங்க ஐயா. ஒருநாளும் இருந்ததில்லே. பொய் சொன்னேன். இப்ப காது இரையுது, வேலை போயிரும்."

"பின்னே என்னதான் செய்யுது உனக்கு?"

அதற்கு அவனிடம் பெயரில்லை. "ரூமுக்குப் போனா பேச ஆளில்லீங்க," என்றான்.

டிரெஸ்ஸர் பேனாவை எடுத்தார்.

"கொய்னாவ நிறுத்து, காது சரியாயிடும். நீ சொல்றத நான் எழுதினா பைத்தியம்னுடுவாங்க, உனக்குத்தான் கெடுதல்."

'காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலை தப்பியது. தம்புசாமி வெளியே வந்து சாலையோரம் நின்றான். ஸ்டேஷன் பக்கம் போக முடியாது. காய்ச்சல்காரன் கடைத்தெருவில் சுற்றினாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். மூன்று நாளும் அந்த அறைக்குள்தான் கிடக்க வேண்டும்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸை நோக்கி நடந்தான்.