பிரான்சிலிருந்து வந்த கீபோர்டு

இன்று காலை என் மடிக்கணினியில் மெயில் திறக்காமல் அடம்பிடித்தது. பாஸ்வேர்டு தவறாம். பக்கத்திலிருந்த கண் படத்தைத் தட்டினேன். அடித்த எழுத்தெல்லாம் தெரிந்தது, அதில் ஒன்று கூடுதல். அரை நிமிட வேலை. அந்தக் கண் அப்போதே இருந்திருந்தால் ஜோஸ்பின் வீட்டில் நான் அவ்வளவு அசடு வழிந்திருக்க மாட்டேன்.

அப்போது நான் கணினிக் கடையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி நடப்பேன். அன்றைக்குப் புதுச்சேரி முழுக்க பந்த். பிரௌசிங் சென்டர் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஜோஸ்பினுக்குப் பிரான்சில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்று சாயங்காலத்துக்குள் மெயிலில் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும். வீட்டுக் கணினியில் இணைப்பு கிடைக்கவில்லை என்று முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் என்னைச் சாரம் பகுதியிலிருந்த அவள் வீட்டுக்கு விரட்டினார்.

போன் வயர் வழியாக இணையத்தைப் பிடிக்கும் மோடம் கீச்சுக் கீச்சென்று பாடும், கரகரக்கும், கடைசியில் பாஸ்வேர்டு தவறு என்று வரும். போன் வயரைக் கழற்றி மாட்டினேன். மோடத்தைத் துடைத்தேன். ஜோஸ்பினின் அம்மா காபி கொடுத்துக்கொண்டே இருந்தார், நானும் வெட்கமில்லாமல் குடித்தேன். மணி நாலு.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறீங்களா?"

"எங்க அப்பா பேருண்ணா அது. அதுகூடவா மறந்துடும்?"

முதலாளியிடம் காட்டலாமென்று, நடந்ததைக் குறித்துவைக்க நோட்பேடைத் திறந்தேன். 'ஏ' விசையை அமுக்கினால் திரையில் 'க்யூ' விழுந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் 'க்யூ'.

"இந்த கீபோர்டு எப்ப மாட்டுனீங்க?"

"இன்னிக்குக் காலைலதான். அண்ணன் லீவுல வந்தப்ப பிரான்சுலேர்ந்து கொண்டாந்துச்சு."

விஷயம் பிடிபட்டது. பிரெஞ்சு கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும். கணினியோ அதை ஆங்கில கீபோர்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் நட்சத்திரம்தான் தெரியும் என்பதால் எங்கள் இருவருக்கும் புரியவில்லை. செட்டிங்கில் பிரெஞ்சு என்று மாற்றினேன். மோடம் பாடியது, இணைப்பு வந்தது. ஜோஸ்பின் நாலே வரி அடித்து அனுப்பினாள். அப்புறம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தோம்.

"போயிடுச்சா தம்பி?" என்றார் அம்மா.

"போயிடுச்சும்மா."

அவர் சமையலறைக்குள் போனார். இன்னொரு காபி வரும் என்று நினைத்தேன்.

ஜோஸ்பின் அந்த வருடமே போய்விட்டாள். சில வருடம் கழித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டாள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. மோடத்தின் பாட்டை இனி யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பதிலை அனுப்பவைத்தது நான்தான் என்ற பெருமை இன்றுவரை குறையவில்லை. ஆனால் அன்றைக்கு நான் கிளம்பும்வரை அந்த அம்மா ஏன் வெளியே வரவேயில்லை என்பது, என் மகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.