வாசற்படிக்கு உள்ளே தமிழ்

பெங்களூருக்குக் குடிவந்து ஏழெட்டு வருடம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன்: வாசற்படிக்கு உள்ளே தமிழ் மட்டும். மகளுக்கு அப்போது ஆறு வயது. நீலசந்திராவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தமிழர்கள்தான். ஆனால் பள்ளியில் அவளுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி கன்னடப் பெண். விளையாட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் கன்னடத்தில். நானோ இரண்டு அலமாரி தமிழ்ப் புத்தகம் வைத்திருப்பவன். எனக்குப் பிறகு அவற்றை யார் படிப்பது என்று கவலை. நானே பாதியைப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"எது வாயில வருதோ அதுல பேசட்டுமே. நீங்க என்ன ஹெட்மாஸ்டரா?" என்றாள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி.

சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. "தண்ணி வேணும்." "சாப்டேன்." "தூக்கம் வருது." கலப்படமே இல்லை. ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." அதுவும் நல்ல தமிழ்தான் என்று இரண்டு மாதம் பெருமையாக இருந்தேன்.

ஒரு நாள் காய்ச்சலுக்கு லீவு போட்டுப் படுத்திருந்தேன். பள்ளிவிட்டு வந்த மகள் உள்ளே வரவில்லை. வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து, சமையலறை ஜன்னல் வழியாக அம்மாவிடம் கன்னடத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். சிநேகிதி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். ஒரு வாரமாக இவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். பேச்சு பாதிதான் புரிந்தது. அழுகை முழுக்கப் புரிந்தது.

"உள்ள வந்து சொல்லேன்டி" என்றாள் மனைவி.

"உள்ள வந்தா தமிழ்ல சொல்லணும். அவ கன்னடத்துலதானே திட்னா?"

எழுந்து சமையலறைக்குப் போய் மனைவியைப் பார்த்தேன். "ரெண்டு மாசமா இப்படித்தான். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுவா" என்றாள்.

சட்டத்தை வாபஸ் வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் நானே போர்வையோடு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

என் கன்னடம் மொத்தமும் பஸ் கண்டக்டர்களிடம் கற்றது. துக்கம் விசாரிக்க அதில் ஒரே ஒரு சொல்தான் தேறியது.

"ஆமேலே?" என்றேன். அப்புறம்?

சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பையை நகர்த்தி இடம் விட்டாள்.

"மெதுவா சொல்றேன். புரியலைன்னா கையத் தூக்கு."

முதல் வாக்கியத்திலேயே தூக்கினேன்.