இரண்டு புள்ளி மீன்

"நான் பக்கம் அமைச்ச பதினொரு மொழியில ஒண்டாவது என்ர மண்டைக்குள்ள ஏறினதில்லை. இனியும் ஏறாது."

லண்டன் ரெய்னர்ஸ் லேன் தேநீர்க்கடையில், புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் சச்சிதானந்தன் இப்படி முழங்கியது, ஏதோ பட்டம் வாங்கியவரின் தோரணையில். விளங்கினவன் வாசிப்பான், வாசிக்கிறவன் பிழை விடுவான், வடிவத்தை மட்டும் பார்க்கிறவனுக்குக் கண் தப்பாது. இது அவருடைய தத்துவம்.

பன்னிரண்டாவது மொழி அதே லண்டனின் ஈலிங்கிலிருந்து வந்தது. இயேசு பேசிய அரமேயத்தின் பேத்தி ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். ஈராக்கிலிருந்து வந்த அசிரியக் குடும்பங்களின் சமையலறைகளில் தினமும் புழங்குகிறாள். அந்த மொழியில் ஷமிரான் என்ற பெண்மணி ஒன்பது வருடம் உட்கார்ந்து யோவான் நற்செய்தியை மொழிபெயர்த்திருந்தார்.

வலமிருந்து இடமாக ஓடிய எழுத்தைக் கண்டு சச்சி கலங்கவில்லை. சில சொற்களின் தலையில் குந்தியிருந்த இரண்டு புள்ளிகள்தான் உறுத்தின. பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படித்தான் அநாதைப் புள்ளிகள் மிதக்கும். இருபது வருடம் அவற்றைக் கூட்டித் தள்ளிய கை சும்மா இருக்குமா? ஒரே கட்டளையில் நூல் முழுவதையும் துப்புரவாக்கி, ஆறு வாரம் பக்கம் அமைத்து, குப்பை அகற்றிய சேவை இலவசம் என்று பெருந்தன்மையான குறிப்போடு அனுப்பிவைத்தார்.

அந்த இரண்டு புள்ளிதான் அந்த மொழியின் பன்மை.

நல்ல மேய்ப்பர் ஒரேயொரு ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு சீடன் படகேறினான். ஷமிரான் கோபப்படவில்லை, அதுதான் பயங்கரம். இன்னும் ஒரு பிழை வந்தால் இதுவும், வரவிருக்கும் மற்ற மூன்று நற்செய்திகளும் சுவீடனில் ஒருவருக்குப் போய்விடும் என்று மட்டும் ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார்.

மூலப் பிரதியின் எழுத்தை மறுபடி பக்கங்களில் ஊற்றினால் ஆறு வார வேலையும் பாழ். ஆகவே மூன்று வாரம், தினமும் காலையில், ஷமிரான் தொலைபேசியில் வரிவரியாக வாசித்தார். சச்சி புள்ளி குத்தினார். நூனா என்றால் ஒரு மீன், நூனே என்றால் பல மீன். புள்ளி போனால் எழுத்து ஒன்றுதான்.

"கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு," என்றாள் மனைவி சிவமலர். "உங்களுக்கு ஏறேல்லையோ?"

"எனக்குப் புள்ளிதான் தெரியும். மற்றது உங்கட பாடு."

கடைசியில் ஷமிரான் எல்லாப் பக்கங்களுக்கும் ஒப்புதல் கொடுத்தார். அச்சகத்துக்கு அனுப்பும் பொத்தானில் விரலை வைத்த சச்சி, ஆறாம் அதிகாரத்தில் அப்படியே நின்றார். இயேசு கூட்டத்துக்கு அப்பமும் மீனும் பங்கிட்ட இடம். சொன்னால் இன்னும் ஒரு பிழை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஈலிங்குக்குத் தொலைபேசி எடுத்தார். மீனுக்குப் புள்ளி காணவில்லை என்றார்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். சரிதான், தானும் தவறவிட்டதாக ஷமிரான் ஒப்புக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: அந்த வரியில் இரண்டு என்ற எண்ணே கிடையாதே, பல மீன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வடிவம் ஒரு மாதிரி இருந்தது என்று சச்சி மழுப்பினார். ஷமிரான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த நற்செய்தியான மத்தேயுவை எப்போது அனுப்பலாம் என்று விசாரித்தார்.

மத்தியானம் சிவமலர் கடைப்பையோடு வந்து, மீன் வாங்கி வந்ததாகச் சொன்னாள். சச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நூனாவோ, நூனேயோ?" என்று கேட்டார்.