ஆம்புலன்ஸ் போனும் நானும்

போன வாரம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். உயிருக்கு ஆபத்தான அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

சுற்றிலும் கூட்டம். சாதாரணக் கூட்டம் இல்லை — கருத்துச் சொல்லும் கூட்டம்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கவே" என்றார் ஒருவர். "ஆமா, உடனே போடணும்" என்றார் அடுத்தவர். "இன்னுமா போடல?" என்று கோபப்பட்டார் இன்னொருவர். போட்டது யார்...? யாரும் இல்லை. எதிரிலேயே எஸ்.டி.டி. பூத். அதுவரை நடந்து போகிற நேரத்தில் இங்கே ஏதாவது முக்கியமான காட்சி தப்பிவிட்டால் என்ன செய்வது?

நான் போய்ப் போன் போட்டேன். திரும்பி வந்து, விழுந்தவர் வாயில் சோடா ஊற்றப்போன ஒரு புண்ணியவானின் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க நர்ஸாம்மா?"

"இல்லை. கொஞ்ச காலம் ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல போன் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

மரியாதை வடிந்துவிட்டது. "போன் எடுக்கதுதானா? அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

என்ன இருக்கிறதா? சொல்கிறேன்.

இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு தர்ம சங்கம் ஆம்புலன்ஸ் விட்டது. சங்கத்தின் பெயர் வேண்டாம். தலைவர் பெயரும் வேண்டாம். ஊருக்கெல்லாம் 'தலைவர் அண்ணாச்சி'. இருந்தது ஒரே ஒரு வேன். அதன் இரண்டு பக்கத்திலும் தலைவர் பெயர். அதற்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புச் சிலுவைக் குறி. போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். பி.ஏ. முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிற வேலையை வீட்டாரிடம் விட்டுவிட்டு, சும்மா இருந்த நான் போனேன்.

நேர்முகத் தேர்வில் தலைவர் கேட்டது ஒரே கேள்வி.

"எங்க வீடு எங்கன இருக்குன்னு தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

பயிற்சி? அதுவும் இருந்தது. போன் மணி அடித்தால் எடுத்து, முதலில் சங்கத்தின் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்து, தலைவரின் பெயரைப் பட்டங்களோடு. அப்புறம் வணக்கம். அதன் பிறகுதான் "தங்களுக்கு என்ன சேவை?" நெஞ்சுவலிக்காரருக்கு அதற்கு மேல் சேவை தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். சில நாளிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "சொல்லுங்க, எந்த ஊரு?" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு வரும் பதில் இருக்கிறதே...

"எங்க ஊருதான்."

"எங்கன இருந்து பேசுதீங்க?"

"வீட்ல இருந்து."

இதைச் சொல்பவர் காலேஜில் பாடம் எடுப்பவராக இருப்பார். படிப்புக்கும் பதற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த மேஜையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

கௌரவமான குடும்பங்களுக்கு வேறொரு கவலை. "சைரன் போடாம வாங்க. வண்டி தெருமுனையிலயே நிக்கட்டும். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். ஆனால் நாலு பேர் நினைப்புதான் முதலில். இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. லேசான காய்ச்சல்தான், ஆனால் சைரன் போட்டுக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும். கல்யாண வீட்டுப் பாத்திரம் ஏற்ற வண்டி வருமா என்று கேட்டவர்களும் உண்டு. திட்டாதீர்கள், அவர்களுக்கு முன்மாதிரியே எங்கள் சங்கம்தான். அதற்கு வருகிறேன்.

டிரைவர் மேலப்பாளையத்து மீரான் அண்ணன். சவுதியில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். வேனில் வயர்லெஸ் கிடையாது. புறப்பட்டுப் போய்விட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வழியில் எந்த டீக்கடையில் போன் உண்டு, எந்தப் பெட்ரோல் பங்க்காரர் எரிந்து விழாமல் கூப்பிட்டுக் கொடுப்பார் என்றெல்லாம் நானும் அவரும் பேசி வைத்துக்கொண்டோம். தலைவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் டீக்கடைகளிலும் அவர் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்.

ஒரு நாள் சாரத்திலிருந்து கொத்தனார் ஒருவர் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. வண்டி போவதற்குள், பொறுக்க முடியாத நல்லவர்கள் அவரை மடக்கி ஓர் ஆட்டோவில் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன்.

"ஆட்டோவுல ஏத்தும்போது கால் அசைஞ்சிருக்கு. இறக்கும்போது அசையலை" என்றார் எலும்பு டாக்டர்.

அவ்வளவுதான் சொன்னார். நான் நகரவில்லை. போனில் என்ன சொல்லியிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். விழுந்த ஆளை உட்கார வைக்கக் கூடாது. கழுத்து திரும்பக் கூடாது. தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்குவதானால் பலகையில், எல்லோரும் சேர்ந்து, ஒரே வாக்கில்.

என் உண்மையான பயிற்சி அந்த வராண்டாவில் நின்றபடியே முடிந்தது. யாரும் சர்டிபிகேட் தரவில்லை.

பிறகு ஒரு நாள் காலை. நாங்குநேரி தாண்டி, ராதாபுரம் போகிற பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் செல்வக்கனி. அவள் புருஷன் தங்கராஜ் பனையேறி. பதநீருக்குப் பாளை சீவப் போனவர் மேலேயிருந்து விழுந்துவிட்டார். ரோட்டோரப் பூத்திலிருந்து பேசினாள். மரம் அங்கிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம்தான்.

"பேசுதாவளா?"

"பேசுதாவக்கா. முதுகு வலிக்குன்னு சொல்லுதாவ."

"கால் அசையுதா?"

"பெருவிரல ஆட்டுதாவ. அக்கா, இவிய அண்ணன் டெம்போ கொண்டாந்துட்டாவ. தூக்கி உக்கார வச்சுக் கொண்டு போகப் போறாவ."

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். முதுகெலும்பு, நரம்பு, கால் விளங்காமல் போய்விடும்... அவள் ஓடிப்போய் அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்காவக்கா. 'பொம்பளைக்கு என்ன தெரியும்'ங்காவ."

அறிவியலுக்கு அவ்வளவுதான் மதிப்பு. யோசித்தேன்.

"செல்வக்கனி, இப்ப போய் இப்படிச் சொல்லு. ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள யாராச்சும் தொட்டுத் தூக்கினா, தூக்கின ஆளு பேருல போலீஸ் கேஸு. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவன்னு சொல்லு. சொல்லிட்டு நீ தலைமாட்டுல உக்காந்து ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கோ. வண்டி வார வரைக்கும் விடாத."

அவள் போனாள். பூத்துக்காரர் ரிசீவரை வாங்கி, மரத்தடிப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "எம்மா, எல்லாரும் பத்தடி தள்ளி நிக்கானுவ. டெம்போவையும் காணல."

முதுகெலும்புக்குக் கேட்காதவர்கள் போலீஸுக்குக் கேட்டார்கள்.

சரி, ஆம்புலன்ஸ்? அது ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. மைக் செட்டும் மடக்கு நாற்காலிகளும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. என்ன விழா தெரியுமா? சங்கம் நடத்திய 'உயிர் காப்போம்' விழிப்புணர்வு விழா. நான் கற்பனை செய்து எழுதுவதாக நினைப்பீர்கள். இந்த அளவுக்கு எனக்குக் கற்பனை வராது.

மண்டபத்துக்குப் போன் போட்டுத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, வண்டி உடனே வேணும். நாங்குநேரிக்கு அங்கிட்டு ஒருத்தர் பனையில இருந்து விழுந்துட்டாரு."

"ஏம்மா, இன்னும் மைக் செட்டே இறக்கல. சிறப்பு விருந்தினர் வாரதுக்கு நேரமாச்சு. வேற ஏதும் வண்டி பாக்கச் சொல்லு."

"முதுகுல அடி அண்ணாச்சி. சும்மா வண்டியில ஏத்தக் கூடாது."

"அப்பம் வண்டி பைய வரட்டும். விழா முடியட்டும்."

வைத்துவிட்டார்.

கையில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே பனைக்கடியில் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தில் மூளை நன்றாக வேலை செய்யும் போலிருக்கிறது. மறுபடியும் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, தொந்தரவுக்கு மன்னிக்கணும். இங்கன பேப்பர்காரர் ஒருத்தர் வந்திருக்காரு. நம்ம வண்டி ஆபத்துக்குப் புறப்படுதத போட்டோ எடுக்கணும்னு நிக்காரு. வண்டி எங்கன்னு கேக்காரு. மைக் செட்டு ஏத்தப் போயிருக்குன்னு சொல்லிரட்டுமா?"

பக்கத்தில் யாரையோ அதட்டி அடக்கிவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பேப்பரு?"

"கேக்கல அண்ணாச்சி. பெரிய கேமராவா இருக்கு."

"ஒண்ணும் சொல்லாத. நானே வாரேன்."

வந்தார். எவ்வளவு வேகமாக வந்தார் என்கிறீர்கள்! பட்டுச் சட்டை, ஜரிகைத் துண்டு, நெற்றியில் புதுச் சந்தனம். வேனின் முன் சீட்டில். நாற்காலிகளை மண்டப வாசலிலேயே தள்ளிவிட்டு வந்ததாக மீரான் அண்ணன் கண்ணாலேயே சொன்னார்.

"பேப்பர்காரர் எங்க?" என்றார் தலைவர்.

"நேரம் ஆச்சுன்னு மோட்டார் சைக்கிள்ல முன்னாடி போயிட்டாரு அண்ணாச்சி. அங்க ஸ்பாட்டுலயே எடுத்துக்கிடுதாராம்."

தலைவர் யோசித்தார். விழாவா, போட்டோவா? இறங்குவதற்குக் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டார். "வண்டிய எடு மீரான்" என்றார்.

அங்கே நடந்ததை மீரான் அண்ணன் வந்து சொன்னார். கேமரா எதுவும் இல்லை. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தாராம். கூட்டம் இன்னும் பத்தடி தள்ளியே நின்றதாம். செல்வக்கனி மட்டும் வெயிலில் தலையைப் பிடித்தபடி. ஒரு கதவுப் பலகை கொண்டு வந்து, மீரான் அண்ணன் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு, ஒரே வாக்கில் தூக்கி வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் தலையைப் பிடிக்க ஆள் வேண்டும். செல்வக்கனியின் கைகள் மரத்துப் போயிருந்தன.

"அண்ணாச்சி, நீங்க பிடிங்க. பள்ளத்துல வண்டி குதிச்சா தலை ஆடக் கூடாது" என்றிருக்கிறார் மீரான் அண்ணன். போட்டோக்காரரைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன், என்ன ஏதென்று யோசிப்பதற்குள் வண்டிக்குள் மண்டியிட்டுவிட்டார்.

"தங்கச்சி, நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன்" என்றார் மீரான் அண்ணன். "நாங்குநேரியில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கைய எடுக்கல. சட்டையெல்லாம் ரத்தமும் மண்ணும். 'பயப்படாதவே, இன்னா வந்துட்டு'ன்னு அந்த ஆளுக்கிட்ட சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கே நம்ப முடியல."

எனக்கும்தான்.

தங்கராஜுக்கு முதுகெலும்பில் முறிவு. நரம்பு தப்பிவிட்டது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அப்புறம் எழுந்து நடந்தார். பனை ஏறுவதை மட்டும் விட்டுவிட்டார்.

தலைவருக்குப் பொய் தெரிந்துபோனதா? தெரிந்திருக்கும். ஆனால் கேட்கவில்லை. கேட்டால், போட்டோவுக்காகப் போனதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! மாறாக, கதை சொல்ல ஆரம்பித்தார். முதல் கூட்டத்தில், தலையைப் பிடித்துக்கொண்டு வந்த கதை. அது உண்மை. அடுத்த கூட்டத்தில், செய்தி கேட்டதும் விழாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புறப்பட்டார். ஆண்டு விழாவில், போனை எடுத்ததே அவர்தான். நான் அந்த மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்றைக்கு அந்தப் போனை எடுத்தவருக்கு எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சேர்ந்துகொள்வதில் தப்பென்ன?

ஒரு நல்லது நடந்தது. தான் கதாநாயகனான வண்டியில் மைக் செட்டு ஏற்றக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டுவிட்டார்.

செல்வக்கனி ஒரு நாள் ஆபீஸுக்கு வந்தாள். அவளைத் தலைவர் அறைக்குத்தான் முதலில் கூட்டிப்போனார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், நான் போனில் யாரையோ "எந்த ஊரு?" என்று அதட்டுவதைக் கேட்டு அப்படியே நின்றாள். நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"நீங்கதானக்கா அது?"

"ஆமா."

"போலீஸ் கேஸுன்னு சொன்னீயளே... அப்படி ஒரு சட்டம் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் மணி அடித்தது. நான் எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரரே, போன் எடுப்பதில் இருப்பது இதுதான். எந்த மனுஷன் எதற்கு அசைவான் என்று தெரிந்திருக்க வேண்டும். கருணைக்கு அசைபவர்களும் உண்டு... அவர்கள் பெரும்பாலும் நாம் போன் போடுவதற்கு முன்பே கிளம்பியிருப்பார்கள். மிச்சப் பேருக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

அதற்கப்புறம் வந்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் எங்கள் வார்டில் நின்றார். போஸ்டர் முழுக்க ஆம்புலன்ஸ். நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். தோற்றுப் போனார்.

ஓட்டு, அன்றைக்குத் தலையைப் பிடித்த அவர் கைக்கு; கதை சொன்ன வாய்க்கு இல்லை.