எடைமேடை அங்கம்மாள் கிளப்புக்குப் போன கதை

மோகனூர் ரோட்டில், ஊரைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு எடைமேடை இருக்கிறது. மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு, கோழித்தீவனம், எதை ஏற்றி வருகிற லாரியும் அதன்மேல் ஏறி நின்று எடைச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தச் சீட்டைக் கொடுத்துவருகிறவர் அங்கம்மாள். வயது ஐம்பத்து நாலு. எண்ணை அவர் பார்ப்பது அப்புறம்தான். முதலில் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். காலி வண்டிக்கு எடை கூட்டிக் காட்டுவதற்காக இரண்டு ஆட்களைக் கேபினுக்குள் படுக்க வைத்திருக்கிறவன், தேவையே இல்லாமல் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்பான்.

"சாப்பிட்டேன் சாமி. உள்ள படுத்திருக்கறவீங்களையும் எறங்கிச் சாப்பிடச் சொல்லு" என்பார் அங்கம்மாள்.

பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு குழப்பத்தில். எடைமேடைக்கு இங்கிலீஷில் வேபிரிட்ஜ் என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அதன் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பழுது பார்க்கிறவர் போனில், "பிரிட்ஜ்னு போட்டுத் தேடுங்க, எங்க ஆப் வரும், அதுல புகார் போடுங்க" என்றார். அங்கம்மாள் தேடி, முதலில் வந்ததை இறக்கிக்கொண்டார். திறந்தால் ஒரு பச்சை மேசையும் பதின்மூன்று சீட்டும் வந்தன. புகார் எங்கே போடுவது என்று ஒரு சீட்டை அழுத்தினார். அது ஆட்டத்தில் விழுந்தது. கம்ப்யூட்டர் மறுநாள் சாயங்காலம்தான் சரியானது. அதற்குள் அங்கம்மாள் பதினோரு ஆட்டம் தோற்றிருந்தார்.

சீட்டு அவருக்கு முழுக்கப் புதிதல்ல. வெண்ணந்தூரில் பெரியப்பா மகன்களோடு துருப்பு ஆடி வளர்ந்தவர். பிரிட்ஜும் அதற்குத் தூரத்து ஒறம்பரை, ஒரு வகையில் சொந்தம்தான். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி. எது துருப்பு, ஆறுக்கு மேல் எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஏலம் எடுத்தவரே இரண்டு கைக்கும் சேர்த்து ஆடி, சொன்ன பிடியைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த கால்மணி அரைமணி நேரங்களில் இதையெல்லாம் அங்கம்மாள் கற்றுக்கொண்டார். முதல் வருடம் கம்ப்யூட்டர் பொம்மைகளோடு ஆடினார். பிறகு மனிதர்களோடு. போலந்தில் ஒருவர், ஆஸ்திரேலியாவில் ஒருவர், எந்த ஊர் என்றே தெரியாமல் ஒருவர். யாரும் பேசுவதில்லை. ஆட்டம் முடிந்தால் நன்றி என்று ஒரு வரி விழும், ஆள் மறைந்துபோவார். ஆடி ஆடி, அவர் ஜோடியாகக் கிடைக்க வேண்டும் என்று முகம் தெரியாத ஆட்கள் காத்திருக்கிற அளவுக்கு அங்கம்மாளுக்குக் கை தேறிவிட்டது.

கணவர் சின்னண்ணனுக்கு இது தெரிய வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"காசு வெச்சு ஆடறயா?"

"இல்லீங்க."

"காசு வெக்காம எவன் சீட்டாடுவான்?"

"நானுங்க."

கரும்புக்காட்டின் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறதா என்று அன்று சாயங்காலம் சின்னண்ணன் ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார்.

போன ஆடி மாதம், தீவன மில் நடத்துகிற குணசீலன் மக்காச்சோள லோடுக்குப் பின்னால் காரில் வந்தார். எடைச்சீட்டு வாங்கச் சன்னலுக்குள் கையை நீட்டியவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, இது பிரிட்ஜுதானுங்களே?"

"ஆமாங்க, வேபிரிட்ஜுதான். வெளிய போர்டு இருக்குதே."

"அதில்லீங்க. உங்க போன்ல."

அங்கம்மாள் போனைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். குணசீலன் விடவில்லை. "அந்த இஸ்பேட் ராணிய இப்ப எறக்குனீங்கன்னா ஒரு பிடி வருமுங்களே."

"வராதுங்க. ராஜா எனக்குப் பொறவு ஆடற ஆளுகிட்ட இருக்குது. மொத ஏலத்துலயே தெரிஞ்சுபோச்சு."

ராஜா அங்கேதான் இருந்தது. பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, குணசீலன் தன் துக்கத்தைச் சொன்னார். கிளப்பில் பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தோறும் நாலு பேர் ஆடிவந்தார்கள். அவருடைய ஜோடி, மகன் வீட்டோடு கோயமுத்தூர் போய்விட்டார். நாலு மாதமாக மூன்று பேரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். "நீங்க வந்தீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போகுமுங்க."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அங்கம்மாள் நல்ல புடவை கட்டி, வானம் மூடியிருந்ததால் குடையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். "நானும் வாரேன்" என்று சின்னண்ணன் மொபெட்டை எடுத்தார். சீட்டாடுகிற இடத்துக்கு மனைவியைத் தனியாக அனுப்ப அவர் தயாராக இல்லை. போலீஸ் வந்தால் பதில் சொல்ல ஒரு ஆண்பிள்ளை வேண்டுமே.

கிளப்பில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். ஒருவர் ஜெகதீஸ்வரன், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர், பெரிய குரல். இன்னொருவர் மாதேஸ்வரன், வக்கீல். ஆட்ட விதிகள் அடங்கிய புத்தகத்தை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருப்பார். அவர்கள் இருவரும் ஜோடி. சின்னண்ணன் வணக்கம் சொல்லி, மூலையில் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

சீட்டைப் பிரித்துப் போட்டதும்தான் அங்கம்மாளுக்கு விஷயம் உறைத்தது. மூன்று வருடத்தில் அவர் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடியிருக்கிறார். பதின்மூன்று சீட்டைக் கையில் பிடித்ததில்லை. துருப்பு ஆட்டத்தில் ஆளுக்கு எட்டு சீட்டோடு சரி. போனில் சீட்டுகள் தாமாகவே இனம் பிரிந்து வரிசையாக நிற்கும். இங்கே கலைந்து கிடந்தன. அவை தாமாக அடுக்கிக்கொள்ளும் என்று சற்று நேரம் காத்திருந்தார். அடுக்கிக்கொள்ளவில்லை. விசிறி போல விரிக்கப் பார்த்தார், ஒரு முனை விரிந்தால் மறுமுனை மூடிக்கொண்டது.

குணசீலன் "ரெண்டு கிளாவர்" என்று ஏலம் கேட்டார். போனில் ஒவ்வொரு ஏலத்துக்கும் கீழே அதன் பொருள் சின்ன எழுத்தில் வரும். பழக்கத்தில் அங்கம்மாள் அதைத் தேடிக் குணசீலனின் சட்டைப் பையைப் பார்த்தார். அங்கே ஒரு பேனாதான் இருந்தது.

அடுத்து, மேசைமேல் விரித்துவைத்த சீட்டை எடுத்துப் போடாமல் விரலால் இரண்டு தரம் தட்டினார். "அது கதவு இல்லீங்கம்மா" என்றார் டாக்டர். பிறகு நடந்தது இன்னும் மோசம். டைமன் இறங்கிய பிடியில், கையில் டைமன் இருக்கும்போதே துருப்பான ஆட்டினைப் போட்டு வெட்டிவிட்டார். போனில் போடக் கூடாத சீட்டு எழுந்தே வராது. இங்கே எல்லாச் சீட்டும் கூப்பிட்டதும் வந்தன. வக்கீல் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, தண்டனையாகப் பிடிகளை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

கடைசி ஆட்டத்தில் கை வழுக்கிப் பதின்மூன்று சீட்டும் கீழே கொட்டின. அங்கம்மாள் குனிந்து மேசைக்கு அடியில் பொறுக்கினார். பொறுக்கும்போது தலைக்கு மேலே ஏலம் நடந்துகொண்டிருந்தது, டாக்டரும் வக்கீலும் பாடுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணெதிரே டாக்டரின் வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்தது. குறுக்கே நீண்டு போய், வக்கீலின் பெருவிரலை இரண்டு தரம் தட்டியது. திரும்பி வந்து செருப்புக்குள் நுழைந்துகொண்டது.

"மூணு ஆட்டின்" என்றார் மேலே வக்கீல்.

அங்கம்மாள் சீட்டுகளோடு எழுந்து உட்கார்ந்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் கனிவாக, "அடி ஏதும் படலீங்களே? தண்ணி குடிக்கறீங்களா?" என்று விசாரித்தார். கேபினுக்குள் ஆள் இருக்கிறது என்று அங்கம்மாளுக்கு உறுதியாகிவிட்டது.

அன்று படுதோல்வி. திரும்பும் வழியில் சின்னண்ணன், "போன்ல பெரிய ஆளுன்னயே" என்றார்.

"போன்ல கால் இல்லீங்க" என்றார் அங்கம்மாள். சின்னண்ணனுக்குப் புரியவில்லை.

அந்த வாரம் முழுதும், லாரி வராத நேரமெல்லாம், பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டுக்கட்டைக் கையில் விரித்து விரித்துப் பழகினார். வெள்ளிக்கிழமைக்குள் பதின்மூன்றும் விழாமல் நின்றன. அடுத்த சனிக்கிழமை கிளப்பில், சாவி விழுந்தது என்று ஒரு முறை, தோடு விழுந்தது என்று ஒரு முறை, அடியில் குனிந்து பார்த்தார். கணக்கு சுலபமாக இருந்தது. ஒரு தட்டு இஸ்பேட், இரண்டு ஆட்டின், மூன்று டைமன், நாலு கிளாவர்.

எழுந்து நின்று சொல்லிவிடலாம். ஆனால் வந்து இரண்டாவது வாரம். எதிரே இருப்பது டாக்டரும் வக்கீலும். இல்லை என்று புத்தகத்தைத் திறந்தால் என்ன செய்வது? அங்கம்மாள் யோசித்தார். வேற்று ஆணின் காலைத் தன் காலால் தொடுவது என்பது அவர் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நல்லவேளையாகக் குடை இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, ஐந்தாவது ஆட்டம். நாலு ஆட்டின் என்று ஏலம் எடுத்தது அங்கம்மாள். முதல் சீட்டு போட வேண்டியது அவருக்கு இடது பக்கம் இருந்த வக்கீல். அங்கம்மாள் கையில் டைமன் ஆஸும் ராணியும் இருந்தன, ராஜா இல்லை. வக்கீல் தாமாக டைமனை இறக்கினால் ஒரு பிடி கூடும், இல்லாவிட்டால் ஆட்டம் தோல்வி. மடியில் சாய்த்து வைத்திருந்த குடையின் நுனியை மெல்ல நீட்டி, வக்கீலின் பெருவிரலை மூன்று தரம் தட்டினார்.

வக்கீல் உடனே டைமனைப் போட்டார். அங்கம்மாளின் ராணி அதைப் பிடித்தது. சொன்ன பத்துப் பிடியும், ஒன்று கூடாமல் குறையாமல், வந்து சேர்ந்தன.

டாக்டர் கையிலிருந்த சீட்டை மேசைமேல் எறிந்தார். "ஏனுங்க வக்கீலே, டைமன எவன் போடச் சொன்னான்?"

"நீங்கதானுங்க மூணு தட்டுனீங்க."

"நான் எங்க தட்டுனேன்? நாலு தட்டலாம்னு செருப்புல இருந்து காலை எடுக்கறதுக்குள்ள நீங்க எறக்கிப்போட்டீங்க."

மூலையில் சின்னண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். குணசீலன் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினோரு வருசமா எனக்கு ராசியில்லைன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. விரலில் இருந்த மஞ்சள் கல் மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். "டாக்டருங்க, கல்லு மாத்துங்க, எல்லாஞ் சரியாப் போகும்னு சொன்னதே நீங்கதானுங்களே."

டாக்டர் எழுந்தார். வேகத்தில் வக்கீலின் ஒரு செருப்பையும் தன் ஒரு செருப்பையும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார், இரண்டாவது தரமும் துடைத்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, "இதுக்கு இதுல பெரிய தண்டனை இருக்குதுங்க. நானே படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார். குணசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்டனையையும் வக்கீலே சொன்னார்: இனிமேல் யார் வந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஆட வேண்டும்.

ஆனால் ஆட ஆள் இல்லை. டாக்டர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மறுபடி மூன்று பேர், ஒரு காலி நாற்காலி. தன்னால்தான் ஒரு மனிதருக்குச் சனிக்கிழமை இல்லாமல் போயிற்று என்பது அங்கம்மாளை உறுத்தியது. போனில் கூப்பிட்டார்.

"டாக்டருங்க, கிளப்புக்கு வராட்டிப் போச்சாது. போன்லயாவது ஆடுங்க. நான் அந்த ஆப்ப அனுப்பி வெக்கறேன்."

"அதுல ஏமாத்த முடியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியலீங்க. எனக்கு அந்த வழி தேவைப்படலீங்க."

டாக்டர் போனை வைத்துவிட்டார். ஆனால் பத்து நாள் டாக்டர் வீட்டில் உட்கார்ந்து போனில் ஆடினார். பதினோராவது நாள் சனிக்கிழமை. மணி ஐந்து ஐந்துக்குக் கிளப் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் ஏறி, முனகிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து ஒரு ஆட்டமுங்க. ஆறு டைமன். பன்னண்டு பிடி. எவனும் எடுக்க மாட்டான், நான் எடுத்தேன். எடுத்துட்டு யாருகிட்டச் சொல்றது? அந்தப் பக்கம் இருந்தவன் நன்றின்னு போட்டுட்டுப் போயிட்டான். ஊட்டுல சொன்னேன், மோட்டரப் போடுங்க, தொட்டியில தண்ணியில்லைங்கறா."

"எப்படி எடுத்தீங்க?" என்றார் குணசீலன்.

டாக்டர் சீட்டுக்கட்டை வாங்கி, ஐம்பத்திரண்டையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பிடியாக ஆடிக் காட்டினார். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. நடுவில் யாரும் நிறுத்தவில்லை. முடிந்ததும் குணசீலன், "பிரமாதமுங்க" என்றார். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அன்று ஜோடி மாற்றிக்கொண்டார்கள். அங்கம்மாளும் டாக்டரும் ஒரு பக்கம். கடைசி ஆட்டத்தில் அங்கம்மாள் கணக்குத் தப்பி, இரண்டு பிடியில் தோற்றார். டாக்டர் பிடித்துக்கொண்டார். மாட்டுக்கு ஊசி போடும்போதுகூட அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார். எந்தச் சீட்டை எப்போது போட்டிருக்க வேண்டும், ஏன் போடவில்லை, கண் எங்கே போயிருந்தது என்று வாசல் வரைக்கும் வந்து திட்டினார். அங்கம்மாள் சிரித்துக்கொண்டே மொபெட்டில் ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும் சின்னண்ணன் கேட்டார். "அந்தாளு அந்தத் திட்டுத் திட்டறாரு. நீ சிரிக்கறயே அம்மிணி."

"போன்ல திட்டறதுக்கு ஆளில்லீங்களே."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சின்னண்ணன் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"ஆனா டாக்டர் சொன்னதுதான் சரி. அந்த இஸ்பேட் ராஜாவ நீ முன்னாடியே எறக்கியிருக்கோணும்."

அங்கம்மாள் சற்று நேரம் அவருடைய முதுகையே பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன வாரமாக் கண்ண மூடிட்டா மூலைல உக்காந்திருக்கறேன்?"

"முன்னாடி எறக்குனா எனக்குப் பொறவு ஆடற குணசீலன் ஆஸப் போட்டுப் பிடிச்சுப்போடுவாருங்க."

"பிடிக்க மாட்டாரு. ஆஸ் குணசீலன்கிட்ட இல்ல. இருந்திருந்தா அவரு மோதிரத்தத் திருகியிருப்பாரு."

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் சுற்றிக்கொண்டு முன்னால் போயின. அவர்கள் இருவரும் அங்கேயே நின்று, அந்த ராஜாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.